மூக்கில்லாத சிஸ்டர்

நீச்சல் தெரியாது என்பதற்காகவே ஒருவரைப் படகு வேலைக்கு எடுப்பார்களா? அவளை அப்படித்தான் எடுத்தார்கள். பெரிய மருத்துவமனையின் பின்கட்டிடத்தில், இரண்டாவது மாடியில், குழந்தைகளுக்கு வரும் அபூர்வமான ஒரு சிறுநீரக நோய்க்குப் புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். காலையும் மாலையும் அறை அறையாகப் போய்ப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ் வேலை. அவளுக்கு வாசனை தெரியாது. அதுதான் தகுதி.

வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் தையல்காரி. உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர் வம்பு பேசக்கூடியவள். இதுவரை ஒரு ஊசியும் கீழே விழுந்ததில்லை.

"மூக்கும் முழியுமா இருக்கணும்னு தேடித் தேடி என் தம்பிக்கு உன்னைக் கட்டிவெச்சேன். இப்போ முழி மட்டும்தான் மிச்சம். அதுக்கும் ஒரு உத்தியோகமா?"

"முழிக்கு இல்லை அண்ணி. மூக்கு இல்லாததுக்கு."

"அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்காத ஆளா வேணும்னு கேட்டிருப்பாங்க. உன்னை விட்டா யாரு?"

சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பு இரண்டு பேரிடம் தொடங்கும், மூன்றாவது ஆளுக்காகக் கொஞ்சம் காத்திருக்கும், பிறகு தானாக அடங்கிவிடும்.

மூன்றாவது ஆள் அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். ஊரே முகத்தை மூடிக்கொண்டு நடந்த அந்தக் காய்ச்சல் வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆம்புலன்சில் போனார்கள். அவனை மேல் மாடிக்குக் கொண்டுபோனார்கள், இவளைக் கீழே வைத்துக்கொண்டார்கள். திரும்பும்போது இவள் மட்டும் வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, மூக்கும் அங்கேயே தங்கிவிட்டது என்று. பால் திரிந்ததா, அடுப்பில் ஏதாவது கருகுகிறதா, எல்லாவற்றுக்கும் "அண்ணி, கொஞ்சம் மோந்து பாருங்க" என்றுதான் ஓடவேண்டும். அவனுடைய வேலைச் சட்டை ஒன்று அலமாரியில் துவைக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் தினமும் அலமாரியைத் திறந்து முகத்தைப் புதைத்து ஒரு மூச்சு இழுப்பாள். "கிரீஸ் வாசம் இன்னும் போகலைடி" என்பாள். இவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்கிறவள் மாதிரி.

மாடியில் நடந்த சோதனை இதுதான். அந்த நோயில் உடம்புக்குள் ஒரு உப்பு கரையாமல், மணல் மாதிரிச் சிறுநீரகத்தில் படியும். பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், குடித்ததெல்லாம் அப்படியே போகும், ஆள் மட்டும் வளராது. கொஞ்ச வருஷத்தில் சிறுநீரகம் கைவிரித்துவிடும். இதுவரை மருந்தே இல்லாத நோய்க்கு ஒரு கேப்சூல் வந்திருந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு அசல் மருந்து, பாதிப் பிள்ளைகளுக்கு அதே நிறத்தில் வெறும் கேப்சூல். நர்ஸுகள் அதை டம்மி என்பார்கள், பெற்றவர்கள் மாவு என்பார்கள். யாருக்கு எது என்று பெரிய டாக்டருக்கே தெரியாது. தெரிந்துவிட்டால் மனசு ஒரு பக்கம் சாயும், மனசு சாய்ந்தால் கணக்கும் சாயும். ஒரு வருஷம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அசல் மருந்து உண்டு. நடுவில் விலகிப் போனால் அது கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அந்த மருந்து நாறும். முழுங்கிக் கொஞ்ச நேரத்தில் வியர்வையிலும் உச்சந்தலையிலும் ஒரு வாடை கிளம்பும். அணைத்த தீக்குச்சியும் கெட்ட முட்டையும் கலந்தது மாதிரி. டம்மிக்கும் மேலே கொஞ்சம் அந்த வாடையைப் பூசித்தான் அனுப்பியிருந்தார்கள். தன் பிள்ளையை மட்டும் மோந்து பார்க்கிற தாய் தகப்பனுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஆனால் வரிசையாகப் பத்துத் தலையைக் குனிந்து பார்க்கிறவர்களுக்குப் பிடிபட்டுவிடும். அதனால் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசக்கூடாது. அறை தனி, நேரம் தனி. பெரிய டாக்டர் முகமூடிக்குள் மூக்கடியில் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க அறைகளுக்குள் வருவார். தினமும் எல்லாப் பிள்ளைகளையும் தொடுகிற நர்ஸுக்கு மட்டும் தைலம் போதாது. அங்கே மூக்கே இருக்கக்கூடாது.

"வாசனை திரும்பி வந்தா, அன்னைக்கே என்கிட்ட சொல்லணும்" என்று பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். "வர்றது நல்ல விஷயம்தான். ஆனா வந்த நிமிஷம் நீங்க இந்த மாடியில இருக்கக் கூடாது."

"வராது டாக்டர்" என்றாள். நம்பித்தான் சொன்னாள்.

ஜன்னலோர அறையில் இருந்தவள் சில்லு. ஏழு வயசு; பார்த்தால் நாலு சொல்லலாம். அப்பா வைத்த பேர் அது. அவர் டைல்ஸ் போடும் வேலைக்காரர். வீட்டில் கைக்குழந்தையோடு அம்மா; அதனால் சில்லுவுக்குத் துணை அப்பாதான். விரல் இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு போகாத கை. அந்தக் கையால் மகளுக்கு அவர் பின்னல் போடும்போது நர்ஸுகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கோடு பிசகாத பின்னல்.

அறைக்குள் வந்த முதல் நாளே அப்பாவும் மகளும் தரையில் மண்டியிட்டு விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணே, கதவு தரையிலயா இருக்கு?"

"இல்ல சிஸ்டர். எவன் போட்ட டைல்ஸோ, பாதி பொக்கு. அடியில கலவையே இல்ல. கேளுங்க." தட்டினார். ஒன்று கல் மாதிரிப் பேசியது, அடுத்தது பானை மாதிரி.

"இதுவும் பொக்கு" என்றாள் சில்லு, ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிய டைல்ஸைத் தட்டி. அதன் பிறகு எந்நேரமும் தட்டல்தான். ரத்தம் எடுக்கும்போதுகூட இன்னொரு கை கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்.

மருந்து கொடுப்பது ஒரு சின்னச் சடங்கு. கேப்சூல், தண்ணீர், பிறகு "ஆ காட்டு, நாக்கைத் தூக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்." சில்லு வாயைக் குகை மாதிரித் திறந்து காட்டுவாள். மேல் வரிசையில் கடைவாய்ப் பக்கம் சொத்தைப் பல் ஒன்று விழுந்து ஓட்டை. "இந்த ஓட்டைக்குள்ள பூதம் இருக்கு" என்பாள். "பூதத்தையும் மருந்து குடிக்கச் சொல்லு" என்று இவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவாள்.

ஒவ்வொரு நாளும் வாசல்வரை வந்து அந்த அப்பா கேட்பார்.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?"

"வேணாம் அண்ணே."

"இன்னும் கேக்கவே இல்லையே."

"நேத்தும் அதையேதானே கேட்டீங்க."

"மருந்தா, மாவா? அவ்வளவுதான். வாயால சொல்ல வேணாம். கண்ணை மூடித் திறந்தாப் போதும்."

"எனக்கு நிஜமாவே தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் என்னை வெச்சிருக்காங்க."

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் வாரா வாரம் ரத்தத்தில் கூடிக்கொண்டே வந்தபோது விளையாட்டு போய்விட்டது. மற்றப் பிள்ளைகள் சிலருக்கு நின்றிருந்தது, ஓரிருவருக்கு இறங்கவும் செய்தது என்று எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"மாவுன்னா சொல்லிருங்க சிஸ்டர். இங்க உக்காந்து மாவு தின்னுக்கிட்டிருக்கிற நேரத்துல வேற எங்கயாவது கொண்டுபோய்க் காட்டுவேன். கிட்னி என்ன டைல்ஸா, உடைஞ்சா வேற வாங்கி ஒட்ட?"

வேறு எங்கே? இந்த நோய்க்கு மருந்து என்ற ஒன்று இருந்தால் அது இந்த மாடியில்தான் இருந்தது. சில்லு இங்கிருந்து போனால் வருஷக் கடைசியில் வரும் அசல் மருந்தும் போய்விடும். இருந்தால், ஒருவேளை அது மாவாக இருந்தால், அதுவரை மணல் படிந்துகொண்டே இருக்கும். இரண்டும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன?

அந்த நாட்களில்தான் ஆவிகள் வரத் தொடங்கின.

முதலில் லிஃப்டில். அவள் கணவன் பழுது பார்த்த லிஃப்ட் அது. கதவு சாத்தும்போது ஒரு பெருமூச்சு விடும். தனியாக மேலே போய்க்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஒயர் கருகும் வாடை. காலம் காலமாக மூடிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ நடப்பது போல இருந்தது. கதவு திறந்ததும் வெளியே நின்றவரிடம் "ஏதோ எரியுது" என்றாள். அவர் உள்ளே வந்து மோந்தார். "ஒண்ணும் இல்லையே சிஸ்டர்." பிறகு அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஊரறிந்த மூக்கில்லாத சிஸ்டர் ஆயிற்றே.

அப்புறம் பேருந்தில் ஈரச் சாம்பல். குளியலறையில் கெட்ட இறைச்சி. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. காது மூக்கு டாக்டர் ஒருவரிடம் தனியாகக் கேட்டுவந்தாள். மூக்கு செத்துக் கிடந்தால் மூளை சும்மா இருக்காது, தானாக ஒன்றைச் சமைத்து அனுப்பும், என்றார் அவர். சிலருக்கு நிஜமான வாசனை திரும்புவதற்கு முன்னால் இப்படி வரும். சிலருக்கு இதோடு நின்றுவிடும்.

"எது நிஜம், எது சமைச்சதுன்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

"பக்கத்துல இருக்கிறவங்களைக் கேக்கறதுதான்."

இல்லாத வாடையைப் பற்றிப் பெரிய டாக்டரிடம் என்ன சொல்வது? ஆவி வந்தது என்று சொல்லி வேலையை விடுவார்களா? அப்படித்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் அந்த ஜன்னலோர அறைக்குள் நுழையும்போது கட்டில் சட்டத்தில் டக் டக் என்று கேட்கும் சத்தத்தை விட்டுப்போக அவளுக்கு மனசில்லை.

ஒரு விடுமுறை மதியம் நாத்தனார் சோதனை வைத்தாள். மேலாக்குத் துணியால் இவள் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினாள்.

"இது?"

"தெரியல."

"வெங்காயம்டி. கண்ணுல தண்ணி வருது, மூக்குல வரலையா? சரி, இது?"

"...சோப்பு?"

"அட! இது?"

"தையல் மெஷின் எண்ணெய்."

"தப்பு, என் தலை எண்ணெய். ரெண்டும் ஒரே விலைதான், விடு." சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அலமாரிக் கதவு கிறீச்சிடும் சத்தம். திரும்பி வந்தபோது நாத்தனார் பேசவில்லை. முகத்தின் மேல் ஒரு துணி வந்து படிந்தது. பழகிய கனம். பொத்தான் ஒன்று உதட்டில் பட்டது.

இவள் இழுத்தாள். நெஞ்சு நிறைய இழுத்தாள். பாச்சை உருண்டை. பழைய மரம். வேறொன்றும் இல்லை. பாச்சை உருண்டை அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நிஜமாக வந்தது.

"வருதா?" நாத்தனார் குரல் தாழ்ந்திருந்தது. "நல்லா இழு. காலர்கிட்ட. கிரீஸும் அவன் வேர்வையும். இதோ எனக்கு இங்கிருந்தே அடிக்குது."

"வருது அண்ணி" என்றாள்.

கண்கட்டை அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். இத்தனை நாளும் தனக்குத்தான் ஆவி பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தாள். மூக்கு நன்றாக இருக்கிற நாத்தனாருக்கும் தினமும் ஒரு ஆவி வந்துகொண்டிருந்திருக்கிறது. வேண்டும் என்ற ஏக்கம் வாசனையாக வரும். பயமும் அப்படித்தான் வரும்போல.

அடுத்த வேலை நாள். முதல் அறையில் ஒரு பையனுக்குச் சட்டை மாட்டிவிடக் குனிந்தாள். அவன் உச்சந்தலையிலிருந்து அணைத்த தீக்குச்சி வாடை மேலே வந்தது. கை நின்றுவிட்டது. அடுத்த அறை, மருந்து முழுங்கி நேரமாகியிருந்த இன்னொரு பிள்ளை, அதே வாடை. அதற்கடுத்த அறையில் இல்லை. அதற்கடுத்ததில், இன்னும் கனமாக. பக்கத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள் என்றார் டாக்டர். இங்கே யாரைக் கேட்பது? கேட்டால் கேள்வியே பதிலாகிவிடும்.

அந்த நிமிஷமே திரும்பிப் படியிறங்கியிருக்க வேண்டும். பெரிய டாக்டரின் அறை கீழே, இருபக்கமும் செடி வைத்த நடையின் கடைசியில். அவள் ஜன்னலோர அறைக்குப் போனாள்.

சில்லு முகம் கழுவிக்கொண்டு, நெற்றியில் ஈரமுடி ஒட்ட நின்றிருந்தாள். காலை மருந்து முடிந்து வெகுநேரம். அப்பா கட்டிலில் சீப்போடு உட்கார்ந்திருந்தார். "இங்க வா, தலை துவட்டறேன்" என்று துண்டை எடுத்தாள். துவட்டினாள். குனிந்தாள். உலகத்தில் எந்தப் பெண்பிள்ளையும் எந்தக் குழந்தையிடமும் செய்கிற காரியம்தான்: உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள்.

சோப்பு. ஈரம். குழந்தைத் தலை. அவ்வளவுதான்.

இன்னொரு முறை இழுத்தாள். ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்தபோது எதிரே அந்த அப்பா சீப்பைப் பிடித்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோந்ததைப் பார்த்தார். மோந்த பிறகு முகம் விழுந்ததையும் பார்த்தார். வேறு எந்த ஊரில், எந்த வீட்டில், ஒருத்தி பிள்ளையை மோந்ததைப் பார்த்து ஒரு தகப்பன் பயப்படுவான்?

"சிஸ்டர்... உங்களுக்கு வாசனை வந்துருச்சா?"

"இல்லை அண்ணே."

"இல்லையா?"

"இல்லை. பழக்கதோஷம்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வாசல்வரை வரவும் இல்லை. தினமும் கேட்கிற கேள்வியை அன்று கேட்காததுதான் அவளை மாடி முழுக்கத் துரத்தியது. மாலை மருந்துக்குப் போனபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மறுநாள் காலை டக் டக் இல்லை.

கட்டில் விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது, ஓரம் பிசகாமல். விடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப் போய்விட்டார் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு "எனக்குப் பதில் கிடைச்சிருச்சு" என்றாராம்.

அவள் வெறும் கட்டிலில் உட்கார்ந்தாள். வாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்கும் முகமும் சேர்ந்து போட்டுக்கொடுத்துவிட்டன. அறை அமைதியாக இருந்தது, தண்ணீர் வடிந்த தொட்டி மாதிரி. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஜன்னலுக்குக் கீழே குனிந்து, சுவரோடு ஒட்டிய டைல்ஸை விரல் முட்டியால் தட்டினாள். சில்லு சொன்ன பொக்கு. ஆனால் இன்று பானைச் சத்தம் வரவில்லை. மந்தமாக, மூட்டை கட்டியது போல ஒரு சத்தம்.

நகத்தைக் கொடுத்து நெம்பினாள். டைல்ஸ் கையோடு வந்தது. உள்ளே கேப்சூல்கள். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, சில உப்பி, சில புதுசாக, ஒரு பறவைக் கூட்டுக்குள் முட்டைகள் மாதிரி. அசலுக்கும் டம்மிக்கும் பொதுவான அந்த மேல் வாடை குப்பென்று வந்தது.

பல் விழுந்த ஓட்டைக்குள் இருந்த பூதம்! தினமும் வாய் திறந்து காட்டியவள் ஒன்றைக்கூட முழுங்கவில்லை. நேற்று அந்தத் தலையில் வாடை இல்லாததற்கு அர்த்தமே வேறு. அசலாக இருந்தாலும் வந்திருக்காது, மாவாக இருந்தாலும் வந்திருக்காது. கிரியாட்டினின் ஏறியதற்கும் அதே கணக்கு.

ஒரு கேப்சூலை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு விரலால் திருகினால் போதும். உள்ளே இருக்கிற பொடியை மோந்துவிடலாம். தெரிந்துவிடும். தெரியுமா? நேற்று இந்த மூக்கு பயத்தை மோந்ததா, பிள்ளையை மோந்ததா? முந்தாநாள் மதியம் நாத்தனார் மோந்தது சட்டையையா? அவள் கை மூடிக்கொண்டது.

செடி வைத்த நடையில் போய்ப் பெரிய டாக்டர் மேஜை மேல் எல்லாவற்றையும் வைத்தாள். மூக்கு வந்ததையும் சொன்னாள், மோந்ததையும் சொன்னாள், முகம் மாறியதையும் சொன்னாள்.

டாக்டர் ஒரு கேப்சூலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தைலம் தடவித் தடவி மூக்கடி சிவந்த முகம் அவருடையது. "திறந்து பார்த்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்லது." பிறகு, "எனக்கும் கை அரிக்குது" என்றார். கேப்சூல்களை ஒரு உறையில் போட்டு ஒட்டினார். அந்த அப்பாவுக்கு போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. "சில நாளுக்குள்ள திரும்பினா சேர்த்துக்கலாம். அதுக்கு மேல முடியாது. ஆனா வற்புறுத்தவும் கூடாது. வர்றதும் போறதும் அவங்க இஷ்டம்."

"வாங்கன்னு சொல்லப் போகல டாக்டர். பாப்பா முழுங்கலன்னு மட்டும் சொல்லிட்டு வரேன். அது அவருக்குத் தெரியாது."

"போங்க. வந்ததும் டயாலிசிஸ் வார்டுல சேர்ந்துக்கோங்க. இனிமே இந்த மாடிக்கு வரக்கூடாது." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கட்டிமுடியாத ஒரு வீட்டில் அவரைக் கண்டுபிடித்தாள். கதவு இல்லாத கூடத்தில் நூல் கட்டி, டைல்ஸைக் கலவை மேல் வைத்து ரப்பர்ச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். மூலையில் சில்லு உடைந்த துண்டுகளை வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஈரம். மிதிச்சிராதீங்க."

ஓரமாகவே நின்று சொன்னாள். சுத்தியல் நின்றது.

"முழுங்கலையா?"

"ஒண்ணுகூட. ஜன்னல் அடியில இருந்த பொக்குல வெச்சிருந்தா."

அவர் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். சில்லு அடுக்குவதை நிறுத்தவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"ஏன்டி?"

"முழுங்குனா நாறும்" என்றாள் துண்டுகளைப் பார்த்தபடி. "பக்கத்து ரூம் அண்ணன் ஜன்னல் வழியாச் சொன்னான். உடம்பெல்லாம் நாறும், ஸ்கூல்ல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்கன்னு. ஏற்கெனவே என்னைக் குட்டைன்னுதான் கூப்பிடறாங்க. நாறுற குட்டைன்னு கூப்பிடுவாங்க."

அந்த மாடியிலிருந்த பெற்றவர்கள் அத்தனை பேரும் எந்த நாற்றத்துக்காகத் தவம் கிடந்தார்களோ, அதற்குப் பயந்து ஒருத்தி கேப்சூலைப் புதைத்திருக்கிறாள். அவர் சிரிக்கப் போகிறார் என்றுதான் முதலில் தோன்றியது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். சிமெண்டு ஒரு கோடாக ஒட்டியது.

"உங்க முகத்தைப் பார்த்துத்தானே சிஸ்டர் கூட்டிட்டு வந்தேன்."

"என் முகத்துக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே. அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி, இப்பவாவது சொல்லுங்க. திரும்பி வந்தா அது மருந்தா, மாவா?"

"தெரியாது."

"தெரியாத இடத்துக்கு எப்படிக் கூட்டிட்டு வருவேன்?"

 பிறகு அவரே, பாதி ஒட்டிய தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒட்டாத டைல்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்து என்ன ஆகப்போகுது." சுத்தியலை வாளித் தண்ணீரில் கழுவ ஆரம்பித்தார்.

அப்பாவும் மகளும் திரும்பிப் போனார்கள். சில்லு முழுங்கினாள், அப்பாவே விரல் விட்டு ஓட்டையைச் சோதித்தாராம். இதெல்லாம் அவளுக்குக் காற்றுவாக்கில்தான் தெரியும். அவள் டயாலிசிஸ் வார்டில் இருந்தாள், வரிசையாக மெஷின்கள் ரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் நீளமான அறையில். ஒவ்வொரு புதுக் கட்டில் போடும்போதும் அதன் நீளத்தைக் கண்ணால் அளப்பாள். சின்னக் கட்டிலாக இல்லாவிட்டால் மூச்சு வரும். பின்கட்டிடத்துக் குழந்தைகள் முற்றத்தைக் கடக்கும்போது ஜன்னலை விட்டு விலகிவிடுவாள். மற்ற வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன: வெங்காயம், மழை, நாத்தனாரின் தலை எண்ணெய். சட்டையில் மட்டும் பாச்சை உருண்டையே. அவள் நாத்தனாரிடம் அதைச் சொல்லவே இல்லை.

தீக்குச்சி வாடை மட்டும் ஒரு ஒழுங்கில்லாமல் வந்து போனது. முக்கியமாகக் காலையில், மேலே மருந்து கொடுக்கிற வேளையில். மெஷினுக்குப் பின்னால், தன் உள்ளங்கையில், ஒருமுறை குடிதண்ணீரில். "அண்ணி, ஏதாவது அடிக்குதா?" "உன் பைத்தியம்தான் அடிக்குது." அதனால் அது ஆவிதான் என்று வைத்துக்கொண்டாள்.

வருஷம் முடிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு காலை, அந்த டைல்ஸ்காரர் டயாலிசிஸ் வார்டு வாசலில் வந்து நின்றார். இன்னும் அதே வெள்ளை விரல்கள்.

"மாவுதான் சிஸ்டர்" என்றார்.

அவள் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினாள்.

"ஆரம்பத்துலருந்தே மாவுதானாம். பொக்குக்குள்ள ஒளிச்சதும் மாவு, திரும்பி வந்து முழுங்கினதும் மாவு." அவர் குரலில் எதுவும் இல்லை, குற்றச்சாட்டுகூட இல்லை. "அன்னைக்கு உங்க முகம் சொன்னது சரிதான். நீங்கதான் தப்புன்னு சொல்லிட்டீங்க."

கிட்னியில் பாதிக்கு மேல் போய்விட்டது, போனது போனதுதான். இனிமேல் குறையாமல் இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். அன்றைக்கு வேறு எங்காவது கொண்டுபோயிருந்தால் இப்போது இந்த மருந்தும் இருந்திருக்காது என்று அவரே சொன்னார். பிறகு அதையும் நம்பாதவர் மாதிரிக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நிஜமானது கொடுக்க ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆகுது. எங்களுக்கு ஒண்ணும் நிச்சயமாத் தெரியல. அவ அம்மாவுக்கு நாறுதாம், எனக்கு ஒண்ணும் அடிக்கல. பிள்ளையோடவே கிடக்கிறோம், பழகிப்போச்சோ என்னவோ. நீங்க ஒரு தடவை மோந்து சொல்லுங்க."

அவர் பின்னாலிருந்து சில்லு வந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள், கொஞ்சம்தான். வந்ததும் வாசல் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். பிறகு நேராக வந்து தலையைக் குனிந்து காட்டினாள், வாய் திறந்து காட்டிய அதே துணிச்சலோடு.

"நாறுறேனா?"

அவள் குனிந்தாள். கோடு பிசகாத வகிடு. அணைத்த தீக்குச்சி, கெட்ட முட்டை, கனமாக, தெளிவாக, மூக்கு முழுக்க. ஆனால் அந்த வாடை அன்று காலை லிஃப்டிலிருந்தே அவளோடு வந்துகொண்டிருந்தது. இவர்கள் இன்னும் படியேறாத நேரத்திலிருந்து.

பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேட்கத் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவர் அந்த அப்பாதான். சீப்பைப் பிடித்த அன்று போலவே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருதா சிஸ்டர்?"

முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு முறை ஆழமாக இழுத்தாள்.

"வருது அண்ணே" என்றாள்.